பிலோமினா தரையில விழுந்த நேரம்

அந்த நாற்காலி வேணாம் சார், அதுக்கு ஒரு கால் ஆடும். போன கிறிஸ்மசுக்கு நம்ம பங்குச் சாமியார் அதுல உக்காந்து மல்லாக்க விழுந்தார். சாமியார் வாயில வரக்கூடாத வார்த்தையெல்லாம் வந்துச்சு. நீங்க இப்படி அடுப்புப் பக்கமா வாங்க. ஷூவைக் கழட்ட வேணாம், இந்த வீட்டுக்குள்ள யாருமே சேறு இல்லாம வந்ததில்ல. ஆமா சார், ஆம்பளக் குதிரைதான். சந்தேகமே வேணாம், பொறக்கும்போது பக்கத்துல நின்னு பாத்தவன் நானு. பேரும் பிலோமினாதான். ஆம்பளக் குதிரைக்கு எதுக்குய்யா பொம்பளப் பேருன்னு இந்த டிப்பரேரி ஜில்லாவுல கேக்காதவன் யாரு? போன மாசம் கர்ரா மைதானத்துல அது ஜெயிச்சப்போ மைக்குல பேரைச் சொன்னாங்க பாருங்க, ஜனம் சிரிச்ச சிரிப்புல அடுத்த ரேசுக்கு நின்ன குதிரைங்க எல்லாம் மிரண்டு போச்சு. அதுக்கு ஒரு கதை இருக்கு. அது இப்போ வேணாம். டப்ளின் குதிரைப் பதிவு ஆபீஸ்லேருந்து இவ்ளோ தூரம் வந்திருக்கீங்க, வந்த காரியத்தைப் பாப்போம். முதல்ல டீ.

பால் ஊத்துவீங்கல்ல? ரொட்டி இன்னிக்குக் காலையில நானே சுட்டது. பயப்படாதீங்க, நாய்க்குப் போட்டுப் பாத்துட்டேன், உசுரோடதான் திரியுது.

சரி. மாலக்கி எழுதின லெட்டர் உங்க பையில இருக்கும். எடுங்க, எடுங்க, எனக்கு ஒண்ணும் கூச்சமில்ல. எத்தனை பக்கம்? ஆறா! அடேயப்பா. கட்டிக்கப் போற பொண்ணுக்கே ரெண்டு வரிதான் எழுதினான் அந்த மனுசன். அவன் என் மச்சான் சார். என் பொண்டாட்டி டெலியாவோட அண்ணன். டவுனுக்குள்ள நுழைஞ்சதும் பச்சைக் கதவு போட்டு ஒரு மதுக்கடை இருக்குமே, பாத்திருப்பீங்க, அது அவனுதுதான். உள்ள போனீங்களா? போகல. நல்ல காரியம். போயிருந்தா செவுத்துல பிலோமினா போட்டோ இருக்கும், கண்ணாடி போட்டு. அதுக்குக் கீழ தங்க எழுத்துல, பிரீடர், அதாவது குட்டியை உருவாக்கினவன், மாலக்கி கேன்ட்வெல். இன்னும் நீங்க முடிவே சொல்லல, அவன் அதுக்குள்ள ஆணி அடிச்சு மாட்டிட்டான்.

உங்க ஆபீஸ் சட்டம் எனக்கு மனப்பாடம் சார், நீங்க படிச்சுக் காட்ட வேணாம். குட்டிக்கு அப்பன் பட்ட பாடு கணக்குல இல்ல. ஆத்தா பட்ட வலியும் கணக்குல இல்ல. ஒம்போது மைல் கயித்தைப் புடிச்சு நடத்திக் கூட்டிட்டுப் போய், தொடையில உதை வாங்கி, ரெண்டு வாரம் குப்புறப் படுத்துக் கிடந்தவன், அதாவது நானு, எனக்கு உங்க குதிரை வம்சப் பதிவு புக்குல புள்ளி வைக்கக்கூட இடம் கிடையாது. குட்டி தரையில விழுற நிமிஷத்துல தாய்க்குதிரை யாரோடதோ, அவங்கதான் பிரீடர். அப்போ அவங்க தூங்கிட்டு இருக்கலாம், ஜெயில்ல இருக்கலாம், அமெரிக்காவுல இருக்கலாம். உசுரோட இருந்தாப் போதும்.

வில்லங்கம் அதுலதானே. குட்டி பொறந்ததும் டெலியா செத்ததும் ஒரே நாளு. மூணு வருஷத்துக்கு முன்னாடி, ஏப்ரல் மாசம், ஒரு செவ்வாக்கிழமை.

தேங்க்ஸ் சார். பரவால்ல. உக்காருங்க, எந்திரிக்க வேணாம்.

தாய்க்குதிரை பேரு டச்சஸ். பேருதான் டச்சஸ், பெரிய எடத்துச் சீமாட்டின்னு அர்த்தம், குணம் சந்தையில மீன் விக்கிறவ குணம். டெலியாவோட அப்பா அவ பேருக்கு எழுதி வச்ச குதிரை. அப்பன் வீட்லேருந்து அவளுக்கு வந்த சொத்து அது ஒண்ணுதான். ஆனா கிழவரு சாகும்போது ஒரு சத்தியம் வாங்கிட்டார், உனக்கு அப்புறம் குதிரை கேன்ட்வெல் வீட்டுக்கே திரும்பணும்னு. டெலியா சொன்ன சொல்லு தவற மாட்டா. உயில்ல அப்படியே எழுதிட்டா, டச்சஸ் அண்ணனுக்கு, மத்ததெல்லாம் புருஷனுக்குன்னு. மத்ததெல்லாம்னா என்ன, நாலு பசு, இந்த வீடு, அந்த ஆடுற நாற்காலி.

ஆக, குட்டி முந்தி விழுந்திருந்தா பிரீடர் டெலியா. டெலியா முந்திப் போயிருந்தா, அவ போன நிமிஷமே டச்சஸ் மாலக்கியோடது, வயித்துல இருந்ததோட சேத்து. அப்போ பிரீடர் அவன். நான் பதிவு ஃபாரத்துல மிசஸ் டெலியா ஹாக்கட்னு எழுதி அனுப்பினேன். மூணு வருஷமா எவனும் வாயத் தொறக்கல. குட்டி ஜெயிச்சதும் மச்சானுக்குச் சட்டம் ஞாபகம் வந்துடுச்சு.

இதைக் கேளுங்க. குட்டி பொறந்து பத்து நாள்ல வந்து பாத்தான். முன்னங்காலு ரெண்டும் வெளிய வளைஞ்சு, மேசைக்காலு மாதிரி நிக்குது. பாத்துட்டு என்ன சொன்னான் தெரியுமா? டின்னி, பால் மறந்ததும் ஆத்தாளை மட்டும் கூட்டிட்டுப் போறேன், இந்தச் சப்பக்காலை நீயே வச்சு அழுன்னான். நான் வச்சு அழுதேன். ஒரு வருஷம் ரெண்டு காலையும் தெனம் தேச்சு விட்டேன். எண்ணெய் போட்டு. அப்புறம் கார்க்குலேருந்து ஒரு பல்லு டாக்டர் வந்து வாங்கிட்டுப் போனார், அவருக்குப் பல்லைத் தவிர வேற எதுவும் பாக்கத் தெரியாது, அது என் நல்ல நேரம். இப்போ குதிரையில எனக்கும் பங்கு இல்ல, மாலக்கிக்கும் பங்கு இல்ல. மிச்சம் இருக்குறது பேரு ஒண்ணுதான். அந்த புக்குல ஒரு வரி. குதிரை செத்து, பல்லு டாக்டர் செத்து, நான் செத்து, அப்புறமும் கிடக்குற வரி.

அது அவ பேருலதான் சார் இருக்கணும். ஏன்னு சொல்றேன்.

அந்த மேசை இருக்குல்ல, அதுல குளிர்காலம் பூரா பழைய புக்கெல்லாம் விரிச்சு வச்சு உக்காந்திருப்பா. இது இதோட பேத்தி, அது அதோட கொள்ளுப்பேரன்னு பென்சில்ல கோடு கோடாப் போட்டு. எங்க வம்சத்துல என் தாத்தா பேரு என்னன்னு கேட்டா அவளுக்குத் தெரியாது. குதிரை வம்சத்துல ஏழு தலமுறைக்குச் சொல்லுவா. நான் கேப்பேன், ஏண்டி, சோத்துக்கு என்ன வழின்னு. அடுப்புல பன்னியும் கோஸும் வெந்துட்டு இருக்கு, கிண்டி விடு, பேசாம இருன்னு சொல்லுவா.

ஒரு நாள் திடீர்னு பென்சிலைக் கீழ வச்சா. கிடைச்சுட்டான்னா. யாருடின்னேன், டச்சஸுக்கு மாப்பிள்ளைன்னா. கில்கென்னியில ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர்கிட்ட இருந்த குதிரை. வலது கண்ணு தெரியாது. ஓடின காலத்துலயும் ஒண்ணும் கிழிக்கல. மாலக்கி வயித்தைப் புடிச்சுட்டுச் சிரிச்சான், அதுகிட்ட கழுதைகூடப் போகாதும்மா, உனக்குப் பைத்தியமான்னு கேட்டான். கடையில குடிக்க வந்தவன்கிட்ட எல்லாம் சொல்லிச் சிரிச்சான். டெலியா பென்சிலை எடுத்து அந்தக் குதிரை பேருக்குக் கீழ கோடு போட்டா. அவ கோடு போட்டா அந்த முடிவு மாறாது.

நான் டச்சஸை நடத்திக் கூட்டிட்டுப் போனேன், இவ பக்கத்து வீட்டு ஜோசி டூஹியோட கார்ல பின்னாடியே வந்தா. அங்க போனா, மாப்பிள்ளைக்குக் கண்ணு தெரியாத பக்கமா டச்சஸ் நின்னுக்கிச்சு. அது இந்தப் பக்கம் தேடுது, இது அந்தப் பக்கம் நகருது. வாத்தியார் பள்ளிக்கூடத்துல அதட்டுற மாதிரி ரெண்டையும் அதட்டுறார். நடுவுல புகுந்து திருப்பி விடப் போய்த்தான் நான் உதை வாங்கினேன். ஒருவழியா வேலை முடிஞ்சு, நொண்டிட்டே காருக்கு வந்தா, இவ உள்ள உக்காந்து செபமாலை உருட்டிட்டு இருக்கா. எந்தப் புனிதர்கிட்டடி வேண்டினேன்னு கேட்டேன். இந்த மாதிரி காரியத்துக்கெல்லாம் தனியா ஆள் போடல, பொதுவா வேண்டிக்கிட்டேன்னா.

சிரிங்க சார், சிரிங்க. அவளே சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. அந்தச் சிரிப்பு அடங்குறதுக்குள்ள, அதே வருஷம், வயித்துல கட்டின்னு டாக்டர் சொல்லிட்டார்.

அதனாலதான் சொல்றேன். அந்தக் குட்டி டெலியா தலைக்குள்ள உருவான குட்டி. ஊரே சிரிச்சப்போ அவ ஒருத்திதான் பாத்தா. அந்த ஒத்தைக் கண்ணனையும் இந்த மீன்காரியையும் சேத்தா கர்ரா மைதானத்துல ஜெயிக்கும்னு பென்சிலை வச்சுக் கண்டுபுடிச்சவ அவ. அந்த வரியில சிரிச்சவன் பேரு வந்தா எப்படி இருக்கும் சொல்லுங்க? எனக்கு வயிறு எரியுது சார். உக்காந்தா எரியுது, படுத்தா எரியுது.

சரி, நீங்க ஆபீசு. உங்களுக்கு வயிறு எரியுறது சாட்சி ஆகாது. மணிதான் வேணும். வாங்க, மணிக்கு வருவோம்.

குட்டி விழுந்த மணியில தகராறே இல்ல. மாட்டு டாக்டர் லாஃபி கூடவே இருந்தார். குட்டிக்குக் கால் மடங்கி உள்ள மாட்டிக்கிச்சு, காலையில ஒம்போது மணிக்கே ஆள் விட்டுக் கூப்பிட்டோம். அவர் டைரியில எழுதி வச்சிருக்கார், பதினொண்ணு அம்பது. அவர் வாட்சு ரேடியோ மணிக்கு வச்ச வாட்சு. குட்டியைத் தொடச்சுட்டு இருக்கும்போது கோயில்ல பன்னெண்டு மணி ஜெபத்துக்கு மணி அடிச்சுது, ரெண்டு பேரும் கையில ரத்தத்தோட தொப்பியைக் கழட்டினோம். அதை மாலக்கியும் ஒத்துக்குறான்.

டெலியா போன மணிதான் வழக்கு. அதோ, செவுத்துல பாருங்க. பதினொண்ணு இருபது. எங்க பக்கத்துல வழக்கம் சார், ஒருத்தர் மூச்சு நின்னதும் வீட்ல இருக்குற கடிகாரத்தை நிறுத்திடணும். கண்ணாடியைத் துணி போட்டு மூடணும், சன்னலைத் தொறந்து விடணும். டப்ளின்லயும் உண்டா? உங்க பாட்டி வீட்ல பாத்திருக்கீங்க. சரி. அன்னிக்கு டெலியா பக்கத்துல இருந்தது ஜோசி டூஹிதான். அவதான் ஸ்டூல் போட்டு ஏறிப் பெண்டுலத்தைப் புடிச்சு நிறுத்தினா. அவகிட்ட கேக்கலாம்னா, போன குளிருக்கு அவளும் போயிட்டா. டாக்டர் சாயங்காலம் வந்து தேதியை மட்டும் எழுதிட்டுப் போனார். கடிகாரம்தான் மிச்சம். ராத்திரி துக்கத்துக்கு வந்த மாலக்கி, என் விஸ்கியைக் குடிச்சுக்கிட்டே அதைத்தான் பாத்து வச்சிருக்கான்.

ஆமா, அடக்கம் முடிஞ்சதும் திருப்பி ஓட விடணும். வழக்கம் அதுதான். ஓட விடல. சாவி தொலைஞ்சு போச்சு. தேடினேன், கிடைக்கல. மூணு வருஷமா அப்படியே நிக்குது. ஜனம் திட்டுது, சாமியார் திட்டுறார், கெட்ட சகுனமாம். என்ன பண்றது, சாவி இல்லையே.

இப்போ மாலக்கி என்ன சொல்றான்? அவ போனது பதினொண்ணு இருபது, குட்டி விழுந்தது பதினொண்ணு அம்பது, நடுவுல அரை மணி நேரம் டச்சஸ் என்னோடதுன்றான். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த வீட்டுக் கடிகாரம் எந்த நேரம் காட்டுச்சுன்னு அவன் கேட்டானா?

சார், நீங்க டவுன்காரர். உங்களுக்கு மார்ச் கடைசியில, வெயில் கால வெளிச்சத்தை மிச்சம் புடிக்கன்னு கவர்மெண்டு சொன்னா முள்ளை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளிடுவீங்க. எங்க அப்பா தள்ள மாட்டார். என் பசு எந்த மந்திரிக்கும் ஓட்டுப் போடலைம்பார். சூரியன் எப்போ உச்சிக்கு வருதோ அதுதான் பன்னெண்டு, மத்ததெல்லாம் டப்ளின்காரன் வேலைம்பார். வெயில் காலம் பூரா இந்த வீடு பழைய நேரத்துலதான் ஓடும், ஊருக்கு ஒரு மணி நேரம் பின்னாடி. நாங்க பூசைக்குப் போய்ச் சேரும்போது ஜனம் வெளிய வந்துட்டு இருக்கும். பூசை முடிஞ்சு போச்சு ஹாக்கட்னு சாமியார் கத்துவார். இன்னும் ஆரம்பிக்கவே இல்ல, கடவுளுக்குத் தெரியும்னு அப்பா திருப்பிக் கத்துவார். அவர் போனப்புறம் நானும் அப்படியே விட்டுட்டேன். வர்ற வழியில டூஹி வீட்ல, ஜோசியோட புருஷன்கிட்ட, விசாரிச்சிருப்பீங்களே? பாத்தீங்களா! ஹாக்கட் வீட்டுக் கடிகாரத்தை நம்பி பஸ்ஸுக்குப் போனா பஸ்ஸு லிமரிக் போய்ச் சேந்திருக்கும்னு சொன்னாரா? அதேதான். ஊர்ல யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவாங்க.

அப்போ ஏப்ரல் மாசம் இந்தக் கடிகாரத்துல பதினொண்ணு இருபதுன்னா, உங்க நேரத்துக்கு என்ன? போடுங்க, நீங்களே போடுங்க. பன்னெண்டு இருபது. குட்டி விழுந்தது பதினொண்ணு அம்பது. குட்டி விழுந்ததுக்கு அப்புறமும் அவ அரை மணி நேரம் இருந்திருக்கா. முழுசா அரை மணி.

என்ன சார், காதையே பாக்குறீங்க? செவந்திருக்கா? அடுப்புப் பக்கம் உக்காந்தா அப்படித்தான். சூடு.

எழுதிட்டீங்களா? மிசஸ் டெலியா ஹாக்கட். கையெழுத்து நல்லாருக்கு சார். அவ்ளோதானா? கீழ உங்க கையெழுத்து. சரி. மூடிடுங்க. பையில வச்சுடுங்க, டீ கொட்டிடப் போகுது.

மாலக்கிகிட்ட நீங்களே சொல்லிடுறீங்களா? அந்த போட்டோவைக் கழட்டும்போது நான் எதிர்த்த கடையில நின்னு பாக்கணும். ஒரு ஐஸ்கிரீம் வாங்கிட்டு நின்னு பாப்பேன்.

இன்னொரு வாய் டீ? இதுல ஒரு சொட்டு விஸ்கி விடட்டுமா? வேலைதான் முடிஞ்சுதே. ம், புடிங்க.

மறுபடியும் அதே கேள்வியா? விட மாட்டீங்க போல. ஆபீசுக்கு இல்ல, சும்மா தெரிஞ்சுக்கக் கேக்குறீங்க. ஆமா, பிலோமினா. அந்தப் புனிதரை ரோம்லயே காலண்டர்லேருந்து தூக்கிட்டாங்க, அப்படி ஒரு ஆள் இருந்ததுக்கே ஆதாரம் இல்லையாம். நம்ம சாமியார் அதைச் சொல்லித்தான் பேரை மாத்தச் சொன்னார். நான் சொன்னேன், சாமி, அந்தம்மா பாவம், ஒரு வேலையும் இல்லாம உக்காந்திருக்கு, என் குதிரையையாவது பாத்துக்கட்டும்னு.

இல்ல, நான் வச்ச பேரு இல்ல. டெலியா வச்சது. பொண்ணு பொறந்தா வைக்கணும்னு கல்யாணம் ஆன புதுசுலயே எடுத்து வச்சிருந்தா. பொண்ணு பொறக்கல. பையனும் பொறக்கல. முப்பத்தோரு வருஷம் அந்தப் பேரு சும்மாவே கிடந்துச்சு.

அதான் கேக்குறீங்க. குட்டி ஆம்பளன்னு தெரிஞ்சும் எப்படி வச்சாங்கன்னு.

அவளுக்குத் தெரியாது சார்.

அன்னிக்குக் காலையில நான் லாயத்துக்கும் அவ ரூமுக்கும் நடையா நடந்தேன். இங்க ஒருத்தி, அங்க ஒருத்தி. லாஃபி தோள் வரைக்கும் கையை உள்ள விட்டு மல்லுக்கட்டிட்டு இருக்கார். ஜோசி வாசல்ல வந்து நின்னு கையைக் காட்டினா. ஓடினேன், மேலெல்லாம் வைக்கோல். டெலியா கண்ணைத் தொறந்து பாத்தா. என்னாச்சுன்னா. இன்னும் ஆகலன்னு சொல்லணும். அவ்ளோதான் சொல்லணும். ஆனா அவ கையைத் தொட்டேன் சார், முழங்கை வரைக்கும் சில்லுன்னு இருந்துச்சு. விழுந்துடுச்சுடின்னேன். நல்லபடியா விழுந்துடுச்சு. என்ன குட்டின்னா. பொட்டைன்னேன். ஏன்னா அவ பொட்டைதான் கேட்டுட்டு இருந்தா, பதினொரு மாசமா. நின்னுச்சான்னா. நின்னு பால் குடிக்குதுன்னேன். ஆத்தா மாதிரி செவலை, நெத்தியில வெள்ளை, வாணலியில மாவு விட்ட மாதிரி வட்டமான்னு, என் வாய்க்கு என்னென்ன வந்துச்சோ எல்லாம் சொன்னேன். பிலோமினான்னா. அப்புறம், மாலக்கி மூஞ்சியைப் பாக்கணும்னு சொல்லிச் சிரிச்சா. அந்தச் சிரிப்பு முடியல, அதுக்குள்ள போயிட்டா.

ஜோசி ஸ்டூல் மேல ஏறினா. நான் லாயத்துக்குத் திரும்பிப் போனேன். வீட்ல எப்படி இருக்காங்கன்னு லாஃபி கேட்டார். தூங்குறான்னேன். அரை மணி நேரம் நானும் அவரும் கயிறு கட்டி இழுத்தோம். விழுந்துச்சு. ஆம்பள. சாமியார் அங்கி மாதிரி கன்னங்கரேல்னு. நெத்தியில ஒரு மயிர்கூட வெள்ளை கிடையாது. நிக்கவும் இல்ல, ரெண்டு நாளு நிக்கவே இல்ல.

ஆமா சார். அரை மணி நேரம்னுதான் சொன்னேன். நீங்க கணக்கு போட்டுட்டீங்க.

அந்த வருஷம் மட்டும் கடிகாரத்தைத் தள்ளி வச்சேன். நர்ஸு வலி மாத்திரை குடுத்துட்டுப் போனா, மணி தவறாம நாலு மணி நேரத்துக்கு ஒண்ணுன்னு, அதையும் புது நேரத்துல எழுதி வச்சுட்டுப் போனா. டெலியாதான் சொன்னா, டின்னி, உங்க அப்பா வந்து கேட்டா நான் பதில் சொல்லிக்குறேன், முள்ளைத் தள்ளுன்னு. நாப்பது வருஷத்துல முதல் தடவை. எனக்கும் அவளுக்கும் ஜோசிக்கும் தவிர யாருக்கும் தெரியாது. பதினொண்ணு இருபதுன்னா பதினொண்ணு இருபதேதான். எனக்குக் கோபமே அதுக்குத்தான் சார், அந்த மாலக்கிப் பய வாழ்க்கையில ஒரே ஒரு தடவை சரியாச் சொல்லியிருக்கான்.

அவகிட்ட நான் வேற பொய் சொன்னதே இல்ல. நல்லவன்னு இல்ல, சொல்ல வராது. பொய் சொன்னா எனக்குக் காது செவந்துடும். கல்யாணம் ஆன மறு வாரமே கண்டுபுடிச்சுட்டா. எங்கய்யா போயிருந்தேன்னு கேக்கும்போதே காதைத்தான் பாப்பா. அன்னிக்கு அவ காதைப் பாக்கல. பாத்தும் விட்டுட்டாளோ என்னமோ, அது எனக்குத் தெரியல. தெனமும் யோசிக்குறேன், தெரியல. உங்க புக்குல அவ பேரு இருந்தா, குட்டி விழுறப்போ அவ இருந்தான்னு ஆயிடும்ல? நான் சொன்னது பொய் இல்லன்னு ஆயிடும். அவ்ளோதான். வேற ஒண்ணும் இல்ல.

கேட்டீங்க, சொல்லிட்டேன். பையைத் தொறக்கணும்னா தொறந்துக்கோங்க. அவ பேரை அடிச்சுட்டு மாலக்கி பேரையே போட்டாலும் உங்க மேல வருத்தம் இல்ல. விஸ்கியைத் திருப்பிக் கேக்க மாட்டேன்.

என்ன? சாவியா? எந்தச் சாவி? கடிகாரச் சாவி எதுக்கு சார் உங்களுக்கு? அதான் தொலைஞ்சு போச்சுன்னு சொன்னேனே. தேடினேன், கிடைக்கல.

மறுபடியும் காதைப் பாக்குறீங்க.

சரி, தொலையல. இதோ, உள் பாக்கெட்டுல இருக்கு. மூணு வருஷமா இங்கதான் இருக்கு. நீங்க ஏற வேணாம், நான் ஏறுறேன். அந்த நாற்காலியையே இழுத்துப் போடுங்க, அதுல ஏறினாத்தான் எட்டும். கெட்டியாப் புடிச்சுக்கோங்க சார், சாமியாரையே தள்ளின நாற்காலி. ம். துருப்புடிச்சுக் கிடக்கு. சுத்துது. சுத்துது சார். தூசியைப் பாருங்க, அவ இருந்தா என்னைக் கொன்னிருப்பா.

ஓடுது. கேக்குதா? அடேயப்பா, இவ்ளோ சத்தமா போடும் இது, மறந்தே போச்சு.

உங்க வாட்சுல மணி என்ன? நாலேகால். சரி, முள்ளை எதுல வைக்கட்டும், புது நேரத்துலயா, பழைய நேரத்துலயா?

காதுல விழல சார், கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க.

சரி சார். பழைய நேரம். அப்போ மூணேகால்.